கூட்டேரிப்பட்டில் ஒரு கழுத்து

ஃபர்ஹானா தன் அண்ணன் யாஹ்யாவின் இடது காதின் கீழ்ப்பாதியைக் கடித்து எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து வந்து அவன் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தான். அவள் பின்னால் வந்து குனிந்தாள். ஏதோ ரகசியம் சொல்லப்போகிறாள் என்று நினைத்து அவனும் காதைக் கொடுத்தான். கடித்ததைத் தரையில் துப்பி, கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இதுதான் இத்தன நாளா ஒட்டுக் கேட்டுக்கினு இருந்துது" என்றாள். பிறகு சுவரில் தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தாள்.

சில வாரங்களுக்கு முன்புவரை அவள் கோட்டக்குப்பத்து நர்சரி பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூட்டல் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். ஒரு காய்ச்சல் வந்தது, தலைவலி வந்தது. காய்ச்சல் இறங்கியபோது தூக்கத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியில் இருப்பவள் தனக்கு முன்பே கண் சிமிட்டிவிடுகிறாள் என்று புகார் சொன்னாள். மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து யாரோ தன்னைப் பெயர் சொல்லித் திட்டுவதாகச் சொல்லிக் கடப்பாரையால் தொட்டியை உடைத்தாள். குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருந்த யாஹ்யா, தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க லீவில் வந்தவன், வீட்டுக்குள் நுழையும்போது முதலில் மிதித்தது அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான்.

காதுத் துண்டை ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து மூடினான். உம்மாவின் துப்பட்டியால் தங்கையின் கைகளைக் கட்டினான். பக்கத்து வீட்டுக் காரில் அவளை ஏற்றி, ஒரு கையால் தன் தலையையும் மறு கையால் அவள் தலையையும் பிடித்துக்கொண்டு விழுப்புரம் போனான். உடுத்தியிருந்த நீலக் கட்டம் போட்ட கைலியை மாற்ற அவனுக்குத் தோன்றவில்லை.

அவன் போன இடம் முழுமனித மருத்துவ நிலையம். அது கட்டப்படுவதற்கு முன்பே, தங்கள் ஊரில்தான் கட்ட வேண்டும் என்று விழுப்புரத்துக்காரர்களும் திண்டிவனத்துக்காரர்களும் ஒரே நாளில் சாலை மறியல் செய்தார்கள். இரண்டு பக்கமும் பஸ்கள் எரிந்தன. ஒரு கண்டக்டருக்குக் கண் போனது. சமாதானக் குழு கூடி, யாருக்கும் மனத்தாங்கல் வராதபடி மனிதனைக் கழுத்தில் வெட்டியது. தலை திண்டிவனத்துக்கு, உடல் விழுப்புரத்துக்கு. இரண்டுக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டில் நெடுஞ்சாலையோரம், இரண்டு இரும்புக் கேட்டுகளுடன் ஒரு சாவடி. அதற்கு இடைநிலை மாற்றுக் கூடம் என்று பெயர் வைத்தார்கள். எல்லோரும் கழுத்து என்றார்கள். விழுப்புரத்து ஆம்புலன்ஸ் அங்கே நோயாளியை இறக்கும். திண்டிவனத்து ஆம்புலன்ஸ் அங்கே ஏற்றிக்கொள்ளும். நோயாளியைத் தவிர வேறு எதுவும், குறிப்பாக ரத்தம், கழுத்தைத் தாண்டக் கூடாது. தலை வளாகத்தார் ரத்தத்தை அசிங்கமாகக் கருதினார்கள். உடல் வளாகத்தார் மனதை வதந்தியாகக் கருதினார்கள்.

இந்த நிலையத்துக்கு ஒரு பாதுகாப்புப் பிரிவும் இருந்தது. முன்பு ஒருமுறை, மனைவி செத்துப்போன ஆத்திரத்தில் ஒருவன் டூட்டி டாக்டரின் மண்டையில் ஆக்சிஜன் சிலிண்டரைப் போட்டான். அவன் நீலக் கட்டம் போட்ட கைலி கட்டியிருந்தான். அதற்குப் பிறகுதான் பெருமுக்கலைச் சேர்ந்த பழைய கபடி ஆட்டக்காரர் வல்லரசு தலைமையில் பிரிவு அமைக்கப்பட்டது. எதிரியை முகத்தை வைத்து நினைவு வைத்துக்கொள்வது கஷ்டம் என்பதால், நீலக் கட்டத்தை நினைவு வைத்துக்கொள்ள ஆட்களுக்குப் பயிற்சி தந்தார்கள். பயிற்சி நன்றாகப் பலித்தது. நீலக் கட்டம் எங்கே தெரிந்தாலும் பிரிவு யோசிக்காமல் அடித்தது. சில மாதம் கழித்து, விலை மலிவாகக் கிடைத்ததென்று கொள்முதல் குழு இரண்டு வளாகங்களுக்கும் நீலக் கட்டம் போட்ட படுக்கை விரிப்புகளை வாங்கியது. அன்றிலிருந்து பிரிவுக்கு ஓய்வில்லை. கட்டில்களை அடித்தார்கள், கட்டிலில் படுத்தவர்களை அடித்தார்கள், விரிப்பு மாற்ற வந்த நர்சுகளை அடித்தார்கள். விரிப்பை மாற்றலாம் என்று ஒருவர் சொன்னார். கொள்முதல் குழு அதைத் தன் கௌரவத்தின் மீதான தாக்குதலாக எடுத்துக்கொண்டு, பிரிவுக்கு இன்னும் ஆள் சேர்த்தது.

விழுப்புரத்து வளாகக் கேட்டில் வல்லரசே நின்றிருந்தார்.

"இன்னாய்யா, இந்தத் துணியக் கட்டிக்கினு தைரியமா வர்ற?"

"தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லீங்க. என் காது இந்த டப்பால கீது."

"காதக் காட்டிப் பேச்ச மாத்தாத."

நான்கு பேர் வந்தார்கள். யாஹ்யா முதல் லத்தியை மட்டும்தான் பார்த்தான். விழுந்தபோது டப்பாவை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டான். முதுகில் விழுந்த அடிகளுக்கு ஒரு தாளம் இருந்தது; நடுவில் யாரோ 'மூச்சு விட்டுக்கோ' என்று சொல்லி நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். காரின் ஜன்னல் வழியாக ஃபர்ஹானா பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்கள எனக்குத் தெரியும்" என்றாள். "என் தலைக்குள்ள வர்ற ஆளுங்கதான்."

உள்ளே உடல் வளாகத்தின் இயக்குநர் டாக்டர் பாண்டுரங்கன் பார்வைக்கு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, நிதானமான குரல்.

"தம்பி, வருத்தப்படாதீங்க. ரெண்டு விலா எலும்பு போயிருக்கு. அது நம்மளோடது, நல்லா பாத்துக்குவோம். காது அவங்களோடது. தங்கச்சி முழுசா அவங்களோடது."

"சார், காதத் தச்சி வுட்டுட்டீங்கன்னா..."

"தைக்கறது ரெண்டு நிமிஷ வேல. ஆனா இன்னிக்குக் காதுல கை வெச்சா, நாளைக்கு அவங்க கல்லீரல்ல கை வெப்பாங்க. எங்களப் பாத்து மனுஷனக் கூறு போடறாங்கன்னு வெளிய பேசறாங்க. பொய். ஏற்கெனவே கூறு போட்டதத்தான் பாத்துக்கறோம்."

எனவே யாஹ்யாவை ஒரு கட்டிலில் கட்டிவைத்துவிட்டு, தங்கையையும் காதையும் ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள். தங்கை கழுத்தைத் தாண்டினாள். காது தாண்டவில்லை. தலையோடு ஒட்டியிருந்தால்தான் அது தலை உறுப்பு என்றது திண்டிவனக் கேட்டு. ஒருகாலத்திலும் அது எங்களுடையதல்ல என்றது விழுப்புரக் கேட்டு. டப்பாவை நடுவில் இருந்த கட்டைச் சுவரின்மேல் வைத்துவிட்டு மேலிடத்துக்குப் போன் செய்தார்கள். பேசி முடிப்பதற்குள் ஐஸ் உருகி, ஒரு நாய் வந்து, காது போய்விட்டது. நிலையத்தின் பொறுப்பில் இருந்த உறுப்பைத் தின்ற குற்றத்துக்காகப் பாதுகாப்புப் பிரிவு நாயை அடித்துக் கொன்றது. அந்த நாய்க்கு முதுகில் நீலக் கட்டம் எதுவும் இல்லை. பிரிவு வளர்ந்துகொண்டிருந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

மார்பைச் சுற்றிப் பிளாஸ்திரியோடு யாஹ்யா விடுவிக்கப்பட்டான். ஒரு பேண்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு, மூச்சை அளந்து விட்டபடி, திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினான்.

தலை வளாகத்தின் இயக்குநர் டாக்டர் அமலா அவனை உட்காரச் சொன்னார். அவர் மேஜைமேல் பீங்கானில் செய்த ஒரு தலை இருந்தது. கழுத்து வரும் இடத்தில் வெல்வெட் துணி சுற்றியிருந்தது.

"உங்க தங்கச்சிக்கு மனச்சிதைவு. இது மனசோட நோய். மாத்திர குடுத்திருக்கோம். காலம் பூரா சாப்பிடணும்."

"மேடம், கைய தொட்டுப் பாத்தேன். ஜொரம் அடிக்குது."

"காய்ச்சல் கழுத்துக்குக் கீழ."

"நெத்தியும் சுடுதுங்களே."

"அது கீழேர்ந்து வந்த சூடு. இங்க நாங்க தெர்மாமீட்டரே வெச்சிக்கறதில்ல. வெச்சிக்கிட்டா பாக்கணும்னு தோணும். பாத்தா இருக்கும். இருந்தா ரத்தம் எடுக்கணும்பாங்க. மனசுக்குள்ள ரத்தம் ஓடுதுன்னு நான் படிச்ச காலத்துல யாராவது சொல்லியிருந்தா பெயிலாக்கியிருப்பாங்க."

குவைத்தில் ஏசி ரிப்பேருக்குப் போகும் வீடுகளில், வெளியே இருக்கும் பெட்டியில் கோளாறு இருந்தாலும் உள்ளே குளிர் வராது. அதைச் சொல்லலாமா என்று யாஹ்யா நினைத்தான். பீங்கான் தலை அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை.

வார்டில் ஃபர்ஹானாவைக் கட்டிலில் நான்கு மூலைக்கும் கட்டியிருந்தார்கள். நீலக் கட்டம் போட்ட விரிப்பு. முகத்தில் புதுக் காயம் இருந்தது. விரிப்பைப் பார்த்து அடிக்க வந்தவர்கள் கொஞ்சம் தவறவிட்டது. பக்கத்துக் கட்டில்காரி ரோஜா, மண்டகப்பட்டுக்காரி, வருஷக்கணக்காக அந்த வார்டில் இருப்பவள், ஸ்பூனால் அவளுக்குக் கஞ்சி ஊட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி வாயோரம் வழிந்தது.

"நீதான் காதா?" என்று ரோஜா கேட்டாள்.

"ஆமாங்க."

"எனக்கும் குரலு கேக்கும் தம்பி. ஆனா எனக்குக் கேக்குறவரு மரியாதப்பட்டவரு, வணக்கம் வெச்சிட்டுதான் திட்டுவாரு. எனக்கு அது மெள்ள மெள்ள வந்து குடியேறிக்கினுது. உன் தங்கச்சிக்கு லாரி வந்து மோதின மாதிரி வந்திருக்குது. வாயப் பாரு."

ஃபர்ஹானாவின் உதடுகள் எதையோ மென்றுகொண்டே இருந்தன. வாயில் எதுவும் இல்லை. யாஹ்யா அவள் கட்டை அவிழ்த்துக் கையைத் தூக்கினான். தூக்கிய இடத்திலேயே கை நின்றது. கீழே விட மறந்ததைப்போல அப்படியே நின்றது. பிறகு உடம்பு முழுவதும் வில்லாக வளைந்து, பற்கள் நாக்கில் இறங்கி, விரிப்பின் நீலக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

அந்த வலிப்பைப் பார்த்து ஓடிவந்தவர் இளம் டாக்டர் பிரவீன்குமார். கெடாரில் மல்லாட்டை பயிரிட்டுக் கடலை விற்கும் குடும்பத்துப் பையன். விழுப்புரத்தில் ஒரு நோயாளியிடம் 'கவலையா இருக்கா' என்று கேட்டதற்காகத் தண்டனையாகத் திண்டிவனத்துக்கு மாற்றப்பட்டவர். ஃபர்ஹானாவின் நாடியைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். யாஹ்யாவைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப்போனார்.

"அண்ணே, உங்கள கேட்டுல எதுக்கு அடிச்சாங்க?"

"கைலிக்குங்க."

"நீங்க எதாவது பண்ணீங்களா?"

"இல்ல."

"உங்க தங்கச்சி மூளையும் ஒண்ணும் பண்ணல. நம்ம ஒடம்புலயும் ஒரு செக்யூரிட்டி இருக்கு. வெளியாளு வந்தா அடிக்கறதுக்கு. இவங்க ஒடம்புல எங்கயோ ஒரு எடத்துல, மூளை மாதிரியே கட்டம் போட்ட எதுவோ ஒண்ணு மொளச்சிருக்கலாம். செக்யூரிட்டி அத அடிச்சிருக்கு. அடிச்சிப் பழகிட்டு, மேல தலையப் பாத்தா அங்கயும் அதே கட்டம். இப்ப அங்க அடிச்சிக்கினு இருக்கு."

"அவ என்னைக் கடிச்சது?"

"அவங்க கடிக்கல. அடி வாங்கின எடம் கடிச்சிது."

"கழுத்துல கேட்டு இல்லீங்களா ஒடம்புல? எப்படி உள்ள வுட்டாங்க?"

"இருக்கு. காய்ச்சல் வந்தா அந்த வாட்ச்மேனும் படுத்துடுவாரு. முதுகுத்தண்டுலேர்ந்து தண்ணி எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும். சீக்கிரம் பாக்கணும். விட்டா மூச்சே நின்னுடும்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் பிரவீன்குமார் இதைச் சொன்னார். விழுப்புரத்திலிருந்து டாக்டர் பாண்டுரங்கனும் ஸ்பீக்கர் போனில் இருந்தார். முதுகுத்தண்டு நீர் மூளையைச் சுற்றி ஓடும் நீர் என்பதை டாக்டர் அமலா ஒப்புக்கொண்டார். எங்கே குத்துவாய் என்று கேட்டார். இடுப்பில் என்று பிரவீன்குமார் சொன்னார்.

"இடுப்பு என்னோடது" என்றது ஸ்பீக்கர். "தண்ணி என்னோடதில்ல. எங்க இடுப்புல அவங்க தண்ணி எதுக்கு இத்தன வருஷமா இருக்குதுன்னு மொதல்ல அவங்க விளக்கம் தரட்டும்."

"அது எங்க தண்ணி. கசிஞ்சி வந்திருக்கு" என்றார் அமலா. "திருப்பித் தர மறுக்கறது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்."

நோயாளி சாகப்போகிறாள் என்று பிரவீன்குமார் சொன்னார். சாவு இரண்டு வளாகத்துக்கும் பொதுவானது என்பதால் அதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் அவர் குரலை உயர்த்தியிருந்தார். உள்ளிருந்து வரும் சத்தத்தையும் கவனிக்கும்படி பிரிவுக்குப் புதிதாகச் சொல்லியிருந்தார்கள். வாசலில் நின்ற ஆட்கள் உள்ளே வந்து, கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரவீன்குமாரின் மூக்கை மேஜை விளிம்பில் வைத்து உடைத்தார்கள். மூக்கு கழுத்துக்கு மேலே இருந்ததால் அங்கேயே கட்டுப் போட முடிந்தது.

மத்தியானம் அவர் வார்டுக்கு வந்தபோது அவர் குரல் பானைக்குள்ளிருந்து வந்தது. ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"விழுப்புரத்துல ஸ்கேன் இருக்கு. அங்க எனக்குத் தெரிஞ்ச சர்ஜன் இருக்காரு. ஆனா கழுத்துக்குக் கீழ எதாவது ஒடஞ்சாதான் இங்கேர்ந்து அங்க அனுப்ப முடியும். எதுவும் ஒடையல. அதான் நெலம." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யாஹ்யா தங்கையின் கட்டில் ஓரம் உட்கார்ந்தான். அவள் கண் திறந்திருந்தது. அவனைப் பார்க்கவில்லை. மூச்சு இழுத்து இழுத்து நின்று, பிறகு ஞாபகம் வந்ததுபோல மறுபடி ஓடியது.

"எடது கை சுண்டுவெரலு" என்றாள் ரோஜா. "சோறு தின்ன அது வேணாம். எழுதவும் வேணாம்."

"என்னால முடியாதுங்க."

"அப்ப உக்காந்து பாத்துக்கினு இரு."

அவன் தங்கையின் இடது கையை எடுத்தான். பள்ளியில் போட்டுக்கொண்ட மருதாணி நகத்தில் மட்டும் மிச்சம் இருந்தது. சிறுவயதில் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகும்போது இந்த விரலைத்தான் பிடித்துக்கொள்வான். முழுக் கையையும் கொடுக்க மாட்டாள், பெரியவள் ஆகிவிட்டேன் என்பாள். விரலை இரண்டு கைகளாலும் பிடித்து, கண்ணை மூடி, பின்பக்கமாக மடக்கினான். முதல் முறை உடையவில்லை. அவளிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அவன்தான் கத்தினான். இரண்டாவது முறை, கேப்பைத் தட்டையை ஒடிப்பதுபோல, சிறிய சத்தம் வந்தது. ரோஜா எழுந்து வாசலுக்குப் போய், "நர்சம்மா, பொண்ணு கட்டில்லேர்ந்து வுழுந்துட்டா" என்று சொன்னாள். பிறகு திரும்பி வந்து, வாந்தி எடுத்துக்கொண்டிருந்த யாஹ்யாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

அன்றைக்கே ஃபர்ஹானா சுண்டுவிரல் நோயாளியாகக் கழுத்தைத் தாண்டினாள். கூடவே போன பிரவீன்குமார், விரல் வயிற்றின்மேல் இருந்த நேரம் பார்த்து வயிற்றையும் சேர்த்து ஸ்கேன் எடுக்க வைத்தார். கருப்பைக்குப் பக்கத்தில், ஒரு சினைப்பையில், எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி இருந்தது. கட்டிக்குள் தலைமுடி இருந்தது. இரண்டு பல் இருந்தது. இந்த வகைக் கட்டியில் கொஞ்சம் மூளையும் இருக்கும் என்று பிரவீன்குமார் சொன்னார். செக்யூரிட்டி முதலில் பார்த்த கட்டம் அதுதான் என்றும் சொன்னார்.

டாக்டர் பாண்டுரங்கன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"என் எல்லைக்குள்ள மூளையா?"

"எடுத்துடலாம் சார். ஒரு மணி நேர ஆபரேஷன்."

"எடுக்கறது இருக்கட்டும். யாரு அனுப்புனாங்க? முடி, பல்லு, மூளை. மூணும் தலை சாமான். முப்பது வருஷமா ஒரு துளி ரத்தத்தக்கூட மேல வுடாம காவல் காத்தவங்க, கீழ வேவு பாக்க ஆளு வெச்சிருக்காங்க. நான் இதுல கத்தி வெச்சா, தலைய அறுத்தேன்னு என்மேல கேசு வரும்."

டாக்டர் அமலா போனில் தெளிவாகப் பதில் சொன்னார். "வயித்துல, முடியோட பல்லோட கெடக்கறத மூளைன்னு நாங்க ஏத்துக்க மாட்டோம். மூளைன்னா அதுக்குன்னு ஒரு அந்தஸ்து இருக்கு."

கழுத்தில் நேருக்கு நேர் பேசித் தீர்ப்பது என்று முடிவானது. சர்ச்சைக்குரிய கட்டியும் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பதால், கட்டியைச் சுமந்திருந்த ஃபர்ஹானாவையும் கொண்டுவரச் சொன்னார்கள். வெயில் கொளுத்தியது. இரண்டு கேட்டுகளுக்கும் நடுவே மேடை போட்டு, மைக் வைத்து, இரு பக்கமும் ஊழியர்கள் நின்றார்கள். வல்லரசு தன் ஆட்கள் அத்தனை பேரையும் இறக்கியிருந்தார். ஆம்புலன்ஸுக்குள் ஃபர்ஹானாவின் மூச்சு நின்று நின்று வந்ததால், பிரவீன்குமார் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி அவள் வாய் வழியாகக் காற்றை அனுப்பிக்கொண்டிருந்தார். யாஹ்யா மேடைக்கு முன்னால் கைகூப்பி நின்றான்.

"சார், மேடம், யாராவது ஒருத்தர் எடுத்துக்கங்க. எந்த ஊருன்னாலும் பரவால்ல. ஜல்தி பண்ணுங்க."

"உங்க உணர்ச்சி கழுத்துக்கு மேற்பட்டது" என்றார் பாண்டுரங்கன் மைக்கில். "அத அங்க சொல்லுங்க."

"அவர் கைகூப்பி நிக்கறாரு" என்றார் அமலா மற்றொரு மைக்கில். "கை உங்களோடது. நீங்கதான் பதில் சொல்லணும்."

வெயில் மேடைமேல் ஏறியது. தலைவர்களுக்கு நிழல் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஊழியர்கள் ஆம்புலன்ஸிலிருந்து கையில் கிடைத்த நான்கு விரிப்புகளை எடுத்து, முடிச்சுப் போட்டு, மேடைக்கு மேலே பந்தலாகக் கட்டினார்கள். நீலக் கட்டத்தின் வழியாக விழுந்த வெளிச்சத்தில் இரண்டு இயக்குநர்களும் முகம், சட்டை, சேலை எல்லாம் நீலக் கட்டம் போட்டவர்களாகத் தெரிந்தார்கள்.

வல்லரசு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை என்பதைப் பின்னால் விசாரணைக் குழு பாராட்டியது. லத்திகள் மேடைக்கு ஏறின. பாண்டுரங்கன் "நான் டைரக்டர்" என்றார். முதல் அடி அவர் வாயில் விழுந்ததால் அதற்குப் பின் அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அவர் மண்டையில் இறக்கினார்கள். அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கூட்டேரிப்பட்டு முழுவதும் கேட்டது. மேஜைக்கடியில் புகுந்த அமலாவின் மேல் மேஜையோடு ஏறி மிதித்தார்கள்; தொடை எலும்பு உடைந்தது. பந்தல் கிழிந்து சரிந்ததும் கீழே நின்ற ஊழியர்கள் தலையிலும் நீலக் கட்டம் விழுந்தது, அவர்களையும் அடித்தார்கள். கிழிந்த துண்டு ஒன்று ஒரு காவலாளியின் தோளில் ஒட்டியது. பக்கத்தில் நின்ற வல்லரசே அவன் தாடையைப் பெயர்த்தார். அதற்குப் பிறகு பிரிவு தன்னைத்தானே அடித்தது. நெடுஞ்சாலையில் பஸ்கள் நின்று வேடிக்கை பார்த்தன. யாஹ்யா தன் பேண்டைக் குனிந்து பார்த்துக்கொண்டான். சாதா கறுப்பு. இந்த முறை அவனை ஒருவரும் அடிக்கவில்லை.

எல்லாம் அடங்கியபோது விதிப்படி வேலை நடந்தது. மண்டை உடைந்த பாண்டுரங்கன் திண்டிவனத்து ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டார். கால் உடைந்த அமலா விழுப்புரத்து ஆம்புலன்ஸில், ஃபர்ஹானாவுக்குப் பக்கத்தில் கிடத்தப்பட்டார். வழியில் அமலாவின் கை ஆடி ஆடி ஃபர்ஹானாவின் தோளில் பட்டது.

"இந்தப் பொண்ணுக்கு ஒடம்பு கொதிக்குதே" என்றார் அமலா. "யாராவது பாத்தீங்களா?"

"தெர்மாமீட்டர் இல்ல மேடம்" என்றார் பிரவீன்குமார், பையை அமுக்கியபடி.

அன்று விழுப்புரத்தில் வேண்டாம் என்று சொல்ல இயக்குநர் இல்லை. திண்டிவனத்தில் எங்களுடையது என்று சொல்ல இயக்குநர் இல்லை. சர்ஜன் கட்டியை எடுத்தார். பிரவீன்குமார் யாருடைய இடுப்பு என்று கேட்காமல் குத்தி, யாருடைய தண்ணீர் என்று கேட்காமல் எடுத்தார். அவர் நினைத்தது சரியாக இருந்தது. செக்யூரிட்டியைக் கட்டிப்போடும் மருந்துகள் ரத்தத்தில் ஏறின. அந்த ரத்தம் யாரிடமும் அனுமதி வாங்காமல் கழுத்தைத் தாண்டி மேலே போனது.

திண்டிவனத்தில் பாண்டுரங்கன் நன்றாக இல்லை. தையல் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் கீழே என்றார்கள். தான் இயக்குநர் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதை ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு ஊசி போட்டார்கள். நீலக் கட்டம் போட்ட விரிப்பில் படுத்திருந்ததால் தினமும் அடிபட்டார்.

இரண்டு பேரும் குணமாகித் தத்தம் நாற்காலிக்குத் திரும்பியதும், நடந்ததிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள விழா எடுத்தார்கள். கழுத்துக்கென்று தனி இயக்குநர் இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்து, வல்லரசை அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். அவர் மாலையோடு பேசினார்.

"என்னைப் பத்தி தப்பாப் பேசறாங்க. ஆளு பாத்து அடிக்கறோம்னு. எங்க ஆளுங்க இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. துணியப் பாத்துதான் அடிக்கறோம். பாரபட்சம் பாத்திருந்தா, என் சொந்தத் தம்பி தாடைய நான் பேத்திருப்பேனா?"

கைதட்டினார்கள். வாயில் கட்டோடு தம்பியும் தட்டினான்.

வாரங்கள் போய் ஃபர்ஹானா மெதுவாக மேலே வந்தாள். முதலில் உதடு மெல்லுவதை நிறுத்தியது. பிறகு கண் ஆளைத் தேடியது. பிறகு ஒரு நாள், "பசிக்குது" என்றாள். யாஹ்யா கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான்.

அவளுடைய துணிமணிகளை எடுக்க அவன் திண்டிவனம் போனபோது ரோஜா கம்பிக்கு இந்தப்பக்கம் கையை நீட்டினாள். சுண்டுவிரலை மட்டும் தனியாக.

"ஒடச்சி வுடு தம்பி."

"என்னாங்க இது."

"எனக்கும் அந்தத் தண்ணிய ஒரு தடவ பாக்கச் சொல்லு. இருந்தா இருக்கட்டும், இல்லன்னா இல்ல. இத்தன வருஷத்துல ஒருத்தர் பாத்தாங்கன்னாவது இருக்கும்."

அவனால் முடியவில்லை. பிரவீன்குமாரிடம் சொன்னான். அவர் உடைந்த மூக்கைத் தடவிக்கொண்டார். "எல்லாருக்கும் உங்க தங்கச்சி மாதிரி இருக்காதுண்ணே. இது அபூர்வம். ஆனா மனச்சிதைவுல இந்த செக்யூரிட்டிக்குப் பங்கு இருக்கா, யாருக்கு, எவ்ளோன்னு உலகம் பூரா தேடிக்கினுதான் இருக்காங்க. அந்தம்மா கேக்கறது நியாயம்தான்."

அடுத்த நாள் ரோஜா கழிவறைக் கதவிடுக்கில் தன் விரலை வைத்துத் தானே சாத்திக்கொண்டாள். அவளைப் பார்த்து அந்த வார்டிலும் பக்கத்து வார்டிலும் பலர் சாத்திக்கொண்டார்கள். நிலையம் இதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. ரோஜா ஏறிய ஆம்புலன்ஸ் கழுத்தில் நின்றிருந்தபோது புதிய உத்தரவு வந்து சேர்ந்தது: இன்றுமுதல் இரண்டு கை சுண்டுவிரல்களும் கழுத்துக்கு மேற்பட்ட உறுப்புகளாகக் கருதப்படும். வல்லரசு அதை வாசித்துக் காட்டி ஆம்புலன்ஸைத் திருப்பினார். திண்டிவனத்தில் எலும்பு பார்க்க ஆளில்லாததால் ரோஜாவின் விரலுக்கு மனநல ஆலோசனை வழங்கப்பட்டது.

ஃபர்ஹானாவை வீட்டுக்கு அனுப்பும் நாளன்று யாஹ்யா அவளுக்குத் தலை வாரிவிட்டான். ஜன்னலுக்கு வெளியே விழுப்புரத்துக் கேட்டு தெரிந்தது. காய்ச்சலிலிருந்து பசிவரை நடந்த எதுவும் அவளுக்கு நினைவில்லை. மறதியும் அந்த நோயில் வருவதுதான் என்று பிரவீன்குமார் சொல்லியிருந்தார். அவள் தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் கோணலாகச் சேர்ந்திருந்தது.

"அண்ணே, இத யாரு ஒடச்சது?"

சீப்பு நின்றது. "நாந்தான்."

"எதுக்கு?"

"வேற வழி தெரியல ஃபர்ஹா."

அவள் யோசித்தாள். அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. திரும்பி அவன் முகத்தைப் பார்த்தவள், அப்போதுதான் கவனித்தாள்.

"உன் காது?"

யாஹ்யா ஜன்னலைப் பார்த்தான். கேட்டில் சலவைக்குப் போட்ட விரிப்புகளைத் தூக்கிவந்த ஒருவனைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

"செக்யூரிட்டி" என்றான்.

"கடிச்சா?"

"எல்லாம் பண்ணுவானுங்க."

"பாவிப் பசங்க" என்றாள் ஃபர்ஹானா. கோணல் விரலால் அவன் காதின் கிழிந்த ஓரத்தைத் தொட்டாள். வலிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, மெதுவாக.